ஏரியில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது

எனக்கு வீடு பார்க்கும் வியாதி உண்டு. பார்க்கும் வியாதி மட்டும்தான். வாங்கும் வியாதிக்கு வங்கி மனம் வைக்க வேண்டும். கல்யாணமான புதிதில் நானும் குகனும் கனடாவில், அஜின்கோர்ட்டில், ஒரு வீட்டின் பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழே, வாடகைக்கு இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில், விற்பதற்காக எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் வீடுகளுக்குள் நான் கூச்சமில்லாமல் நுழைவேன். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு அறை அறையாக நடப்பேன். பிறத்தியாரின் அலுமாரிகளைத் திறந்து மூடுவேன். குசினி யன்னலருகே நின்று, எனக்கு இன்னும் பிறக்காத பிள்ளைகள் பின்வளவில் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். (ஒருமுறை அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டே விட்டேன். வீடு காட்டிய மனிதர் பயந்துபோனார்.) கடைசியில் ஒரு மூலையைக் காட்டி, "விளக்கு இதிலை வைக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்ன பிறகே வெளியே வருவேன்.

வீடுதான் கற்பனை, விளக்கு நிசம். ஒஷாவாவில் இருக்கும் என் சின்னம்மா, அம்மாவின் தங்கை, எனக்கென்று ஒரு பித்தளைக் குத்துவிளக்கு வாங்கி, பழைய துவாயில் சுற்றி, தன் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார். என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டவர் அவர்தான்.

"உன்ரை சொந்த வீட்டிலை பால் காய்ச்சுற அண்டைக்குத்தான் தருவன்" என்பது அவருடைய சட்டம். வாடகை வீடு சட்டத்தில் சேராது. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் நான் அந்த விளக்கைத் துவாய் விலக்கிப் பார்ப்பேன். அவர் மூடி வைப்பார். அதை என் கையில் வாங்காமல் நான் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பேஸ்மென்றுக்கு ஒரேயொரு யன்னல், நிலமட்டத்தில். மார்கழியில் பனி வந்து அதையும் மூடிவிடும். தலைக்கு மேலே வீட்டுக்கார அன்ரி நடப்பார். அவர் குசினிக்குப் போகிறாரா, குளிக்கப் போகிறாரா, கோபமாகப் போகிறாரா என்பதெல்லாம் எங்களுக்குக் காலடியிலேயே தெரியும்.

இந்த நிலையில்தான் குகனுக்கு ஞானம் பிறந்தது. அவர் ரெக்ஸ்டேலில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தார். கூட வேலை செய்பவர்கள் ஒரு சனிக்கிழமை அவரைச் சிம்கோ ஏரிக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தவர் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் கட்டிலில் இருந்து சுவரைப் பார்த்தார்.

"ஏரி முழுக்க உறைஞ்சு கிடக்கு. அதுக்கு மேலை ஒரு சின்ன ரென்ற். நடுவிலை ஐஸிலை ஒரு துளை. தூண்டிலைப் போட்டிட்டுச் சும்மா இருக்கிறது. ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

"மீன் பிடிச்சனீங்களோ?"

"மீனோ?" என்றார், அதைப் பற்றி அப்போதுதான் யோசிப்பவர் மாதிரி. "இல்லை."

அடுத்த கிழமை அதே மாதிரிச் சொந்தமாக ஒரு கூடாரம் வாங்கப் போனோம். கடையில் இரண்டு விதம் வைத்திருந்தார்கள். ஒன்று, இழுத்துச் செல்லும் சறுக்குப் பலகையோடு சேர்ந்தே மடிந்து விரியும் சின்னது. இரண்டு பேர் இருக்கலாம், ஒரு ஆள் தனியாக இழுத்துப் போகலாம். குகன் அதன் பக்கத்தில் போய் நின்றார். மற்றது குடை போல விரிவது. விற்பனைப் பெண் அதன் சுவர்களை ஒவ்வொன்றாக நடுவில் பிடித்து இழுத்தாள். டக், டக், டக் என்று ஒரு சிவப்பு வீடு எழும்பி நின்றது.

நான் உள்ளே போய்ச் சிப்பை இழுத்து மூடினேன். பஞ்சு வைத்துத் தைத்த தடித்த சுவர்கள். கடையின் சத்தமெல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. சின்ன யன்னல்களால் வெளிச்சம் பால் போல உள்ளே வடிந்தது. மேலே ஒருவரும் நடக்கவில்லை. எவ்வளவு நேரம் அங்கே நின்றேனோ தெரியாது. அதற்குள் நான் ஒரு மூலையில் விளக்கை வைத்துவிட்டேன்.

"ஆறு பேருக்கானது, எங்களுக்கு ஏன் இவ்வளவு பெரிசு?" என்று வெளியே குகனின் குரல் கேட்டது.

"அவையின்ரை ஆறு பேரப்பா. எங்கடை ஆக்கள் பதினைஞ்சு பேர் இருக்கலாம்" என்றேன் உள்ளிருந்தே. பிறகு தலையை நீட்டி அந்தப் பெண்ணிடம் இதில் கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவள் சிறிது யோசித்து, காசு கட்டும் இடத்தைக் காட்டினாள்.

பேஸ்மென்றின் நடுவில் கூடாரத்தை விரித்து, நான் அதை வீடாக்கத் தொடங்கினேன். பழைய மாம்பழ மஞ்சள் சேலையைக் கிழித்து யன்னல்களுக்குத் திரை தைத்தேன். இந்த வகைக் கூடாரத்துக்கு அடிப்பாகம் கிடையாது, சுவர்கள் மட்டும்தான். ஐஸில் கால் குளிராதிருக்க ஒரு பஞ்சு விரிப்பு வாங்கி, அதற்கு மேலே கம்பளமும் போட்டேன். சுவரில் ஒரு பிள்ளையார். வாசலுக்குக் கட்ட பிளாஸ்ரிக் மாவிலைத் தோரணம். வெளியே சப்பாத்துத் தட்டு. குகன் வேலையால் வந்து சுற்றிப் பார்த்தார்.

"மீன் பிடிக்கிற இடம் எங்கை?"

"நடுவிலை விட்டிருக்கிறன்தானே."

அந்தக் கிழமை முழுக்க நாங்கள் அதற்குள்தான் படுத்தோம். அன்ரியின் காலடி, மழை விட்ட பிறகு ஓட்டிலிருந்து சொட்டும் நீர் மாதிரி மெல்லியதாகக் கேட்டது. நாங்கள் இருவரும் அதை 'வீடு' என்றே சொல்லப் பழகிவிட்டோம். "வீட்டுக்குள்ளை வைச்சிட்டன்", "வீட்டு யன்னலைச் சாத்தும்." வினை அங்கேதான் தொடங்கியது.

சின்னம்மா போன் எடுத்தபோது நான் சொன்னது இதுதான்: "லேக்கிலை வீட்டுக்கு வாற ஞாயிறு பால் காய்ச்சப்போறம், சின்னம்மா." மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "படம் ஒண்டு அனுப்பு பிள்ளை" என்றார். அனுப்பினேன். மஞ்சள் திரை, கம்பளம், பிள்ளையார். எல்லாம் உள்ளிருந்து எடுத்தது.

"ரென்ற் எண்டு சொன்னனீரோ?" என்று கேட்டார் குகன்.

"படம் அனுப்பினனான்தானே" என்றேன்.

ஞாயிறு விடியவே ஏரிக்குப் போனோம். கரையும் இல்லை, வானமும் இல்லை. எல்லாம் ஒரே வெள்ளை. நித்திரையில் நடப்பது போல இருந்தது. குகன் கதவு கிழக்குப் பார்க்கக் கூடாரத்தை விரித்தார். (காற்றுப் பக்கம் கதவு வைக்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அன்று காற்றே இல்லையே என்று நான் வாதாடி வென்றேன்.) நாலு பக்கமும் கயிறு கட்டி, ஐஸில் இரும்புத் திருகாணி இறக்கி, சுவரின் அடித் தொங்கல் மேலே பனியை அள்ளிக் குவித்து, நடுவில் துளையும் போட்டுவிட்டு, மீனுக்கு இரை வாங்கக் கரைக்குப் போனார்.

நான் சுற்றிப் பார்த்தேன். ஒரு புதுமனையைச் சுற்றி இப்படியா குப்பை மாதிரிப் பனி கிடப்பது? விளக்குமாறு எடுத்துச் சுத்தமாகக் கூட்டித் தள்ளினேன். கயிறுகளைப் பார்த்தேன். சேலையோடு வருகிறவர்கள் தடக்கி விழுந்தால்? அவிழ்த்தேன். தோரணம் கட்ட நூல் போதாமல் இருந்தது நினைவுக்கு வந்தது. அந்தக் கயிறு அதற்கு அளந்தெடுத்தது போலப் பொருந்தியது.

கரையில் மூன்று வான் வந்து நின்றதைக் கண்டு நான் அங்கே ஓடினேன். சின்னம்மாவையும் சித்தப்பாவையும் மட்டும்தான் நான் எதிர்பார்த்தேன். வந்திறங்கியது பாதி ஒஷாவா. பட்டுச்சேலை, அதற்கு மேலே தடித்த கோட், அதற்குக் கீழே பனிச்சப்பாத்து. தட்டில் பழம், வெற்றிலை, புதுப் பால்பானை. சின்னம்மாவின் இடுப்பில், பிள்ளையைத் தூக்கியது போல, துவாயில் சுற்றிய விளக்கு.

அவர் கரையோரம் நின்ற பெரிய வீடுகளை வரிசையாகப் பார்த்தார். "எது பிள்ளை? உந்த வெள்ளை மாடி வீடோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கையை நீட்டி ஏரியைக் காட்டினேன். தூரத்தில், வெள்ளைக்கு நடுவில், ஒரு சிவப்புப் புள்ளி.

அவருடைய மகள் ஆரணி, இங்கேயே பிறந்தவள், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "அம்மா, தற் இஸ் லிற்றரலி எ ரென்ற்."

சின்னம்மா விளக்கைச் சுற்றியிருந்த துவாயை இன்னும் இறுக்கினார். அந்த இறுக்கம் எனக்குள் எங்கோ விழுந்தது. அழுகை வரும் போல இருந்தது.

"ஏரிக்குள்ளையோ வீடு?" என்றார்.

"ஏரிக்கு மேலை, சின்னம்மா."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல நேரம் முடியப்போகுது. நடவுங்கோ."

நாங்கள் நடந்தோம். பனியில் பட்டுக்கரைகள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. இடையில் ஐஸ் ஒருமுறை அடிவயிற்றிலிருந்து உறுமியது. "ஆர் கதைச்சது?" என்று சித்தப்பா நின்றார். ஐஸ்தான் என்று சொன்னோம்; அதன் பிறகு அவர் நுனிக்காலில் நடந்தார்.

சின்னம்மா சப்பாத்தோடு உள்ளே வந்து (தட்டு வீணானது) மஞ்சள் திரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு துளையைக் கண்டார்.

"நடுவீட்டிலையோ கிணறு?"

உள்ளே இருட்டாக இருந்ததால் துளையிலிருந்து மெல்லிய பச்சை வெளிச்சம் மேலே வந்துகொண்டிருந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தோம். ஆழத்தில் ஏதோ ஒன்று வாலசைத்துப் போனது. கொஞ்ச நேரம் நாங்கள் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டோம்.

"கீழை ஆர் குடியிருக்கினம்?" என்று சின்னம்மா மெதுவாகக் கேட்டார்.

"மீன்."

"அப்ப நீ மேல்வீட்டுக்காரி" என்றார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. எனக்கு உயிர் வந்தது.

காற்று வர வேண்டும் என்று கதவை அகலத் திறந்து, நான் கொண்டுவந்திருந்த சின்ன அடுப்பை மூட்டிப் பானையை வைத்தோம். எல்லோரும் வட்டமாக நின்று பாலையே பார்த்தோம். பால் ஏறத் தொடங்கிய நேரம் வெளியே ஒரு நீளமான மூச்சு கேட்டது. மாவிலைகள் படபடத்தன. இரையோடு திரும்பி வந்து துளையில் தூண்டிலைப் போட்டிருந்த குகன் என் காதருகே வந்தார்.

"இஞ்சரும். உந்தக் கயிறுகள் எங்கை?"

நான் தோரணத்தைக் கண்ணால் காட்டினேன். என் கணவரின் முகம் அப்படிப் போனதை நான் முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

கிழக்குக் காற்று கதவால் நேரே உள்ளே வந்தது. வீடு வயிறு முட்ட மூச்செடுத்தது. பிறகு சட்டி மூடியைத் தூக்குவது போல, எங்களை ஒருவரையும் தொடாமல், தலைக்கு மேலால் எழும்பிப் போனது. நாங்கள் பட்டுச்சேலைகளோடு, கம்பளத்தின் மேல், பால்பானையைச் சுற்றி, திறந்த வானத்துக்குக் கீழே அப்படியே நின்றோம். வீடு ஐஸைத் தொட்டும் தொடாமலும் மேற்கே போனது. மஞ்சள் திரைகள் கையசைத்தன. பிள்ளையாரும் கூடவே போனார். அவ்வளவு அழகாக அது போனதால் யாருக்கும் ஓடித் துரத்த மனம் வரவில்லை.

"வீடு போகுது! வீடு போகுது!" என்று கத்தினார் சித்தப்பா.

"பொறுங்கோ, மீன் இழுக்குது!" என்றார் குகன்.

சின்னம்மா ஒருவர்தான் பானையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "பொங்கீட்டுது!" என்றார். "கிழக்காலை பொங்கீட்டுது!"

நான் அழுதேன். சிரித்துக்கொண்டும் அழுதேன். "எல்லாம் போச்சு, சின்னம்மா. விளக்கைத் திருப்பிக் கொண்டுபோங்கோ."

அவர் துவாயை அவிழ்த்தார். விளக்கைப் பானைக்குப் பக்கத்தில் நட்டு வைத்து எண்ணெய் விட்டார். முதல் குச்சியைக் காற்று அணைத்தது. இரண்டாவதையும் அணைத்தது.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? சுத்தி நில்லுங்கோ! கோட்டை விரிச்சுப் பிடியுங்கோ!"

பாதி ஒஷாவா கோட்டை விரித்துக்கொண்டு தோளோடு தோள் ஒட்டி நின்றது. சித்தப்பா கதவு இருந்த பக்கம் நின்றார். உள்ளே காற்று அடங்கியது. திரி பற்றியது.

"வீடு நிண்டால் என்ன, ஓடினால் என்ன. பால் பொங்கினதை நான் கண்ணாலை கண்டனான்" என்று சொல்லி, சின்னம்மா எரியும் விளக்கைக் காட்டி என் கையைப் பிடித்து அதன் தண்டில் வைத்தார். பித்தளை குளிர்ந்து கிடந்தது. நான் விடவில்லை.

வீட்டை இரண்டு அந்நியர்கள் பனிவண்டியில் துரத்திப் பிடித்து, ஒரு கம்பு உடைந்த நிலையில் இழுத்து வந்தார்கள். கோட்டை விரித்துக்கொண்டு வட்டமாக நின்ற கூட்டத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, திரைச்சீலை மிகவும் அழகாக இருக்கிறது என்றார் ஒருவர். ஆரணி முழுவதையும் போனில் எடுத்திருந்தாள். அது இன்றுவரை எங்கள் குடும்பக் கல்யாணங்களில், சாப்பாட்டுக்கும் கேக்குக்கும் இடையில் ஓடுகிறது.

இப்போது எங்களுக்கு ஓடாத வீடு ஒன்று இருக்கிறது, ஒஷாவாவில், சின்னம்மா வீட்டுக்குக் கிட்ட. குடிபோன அன்று நான் பால்பானையை எடுத்தபோது அவர் தடுத்துவிட்டார். "உங்களுக்குக் காய்ச்சி முடிஞ்சுது. விளக்கைக் கொளுத்தினால் காணும்." பேஸ்மென்றில் ஒரு இளம் சோடி வாடகைக்கு இருக்கிறது. நான் வீட்டுக்குள் மெதுவாகத்தான் நடப்பேன்.

காற்றுப் பலமாக அடிக்கும் நாள்களில் போன் வரும். சித்தப்பாதான். சுகம் விசாரிக்கமாட்டார்.

"பிள்ளை, வீடு நிக்குதோ?"

நான் ஒவ்வொரு முறையும் எழுந்து போய், விளக்கு இருக்கும் மூலையை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

"ஓம் சித்தப்பா, நிக்குது."