முட்டி வலித்த ஈஸ்டர்

இந்த ஈஸ்டருக்கு மலைக்குப் போவதில்லை என்று அட்லே தீர்மானித்துவிட்டான். தீர்மானம் மனசுக்குள்தான். வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு அவன் வீரன் இல்லை.

கல்யாணமாகி இருபத்தாறு வருடம். இருபத்தாறு ஈஸ்டரும் மனைவி சுன்னிவாவின் முதுகைப் பார்த்தபடியே பனியில் கழிந்தன. சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு அவள் காற்றாய்ப் பறப்பாள். இவன் பின்னால் மூட்டையாய் வருவான். காலையில் வெயில் அடிக்கும், பத்து மணிக்கு மூடுபனி இறங்கும், மதியம் காற்று ஊசியாய்க் குத்தும். போன வருடம் நீட்டிய கைகூடத் தெரியாத வெள்ளையில், ஒதுங்கிக்கொள்ள இரண்டு மணி நேரம் பனியில் குழி தோண்டினான். மூடுபனி விலகியபோது பார்த்தால், தங்க வேண்டிய குடில் நூறு அடி தள்ளி நின்றது. ஜன்னலோரம் சூப் குடித்துக்கொண்டிருந்தவர்கள் அவனுக்குக் கையசைத்தார்கள்.

அவனுக்கு அலுத்துவிட்டது. நான்கு நாள் சோபாவில் கிடந்தால் போதும், வேறு ஆசை இல்லை.

சுன்னிவாவோ இந்த முறை இன்னும் உக்கிரமாக இருந்தாள்.

"வடக்கேயிருந்து புயல் வருதாம், அட்லே. நாலு நாள், நாலு குடில். மூணாம் நாள் ஏற்றம் மட்டும் கொஞ்சம் செங்குத்து."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"போன வாரம் ஒருத்தர் மூணு தரம் உருண்டாராம். அப்புறம் பழகிடுச்சாம்."

"குடில்ல அடுப்பாவது இருக்குமில்ல?"

"இருக்கும். விறகு நாமதான் பிளக்கணும். நீதான் நல்லா பிளப்பியே."

மறுநாள் காலை மாடிப்படி இறங்கும்போது அட்லே முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"என்ன ஆச்சு?"

"முட்டி. சுருக்குன்னு பிடிச்சிடுச்சு."

அவள் விடமாட்டாள் என்று ஏழு பதில்களை யோசித்து வைத்திருந்தான்.

"அடப்பாவமே. அப்ப நீ வர வேணாம்," என்றாள் சுன்னிவா.

ஏழும் வீணாயின.

"நீ தனியாவா போவே?"

"போர்கில்ட்டைக் கேட்டுப் பார்க்கிறேன். வருவாளோ என்னமோ."

போர்கில்ட் அவளுடைய பள்ளிக்கூடத் தோழி. அடுத்த நாள் விடிந்ததும் வாசலில் வந்து நின்றாள். கார் கூரையில் சறுக்குக் கட்டைகள் மெழுகு பூசி, கட்டித் தயாராக இருந்தன. பின்சீட்டில் ஒரு கூடை ஆரஞ்சு, ஒரு முழு கேக்.

"முட்டி எப்படி இருக்கு, அட்லே?"

"ரொம்ப வலி."

"நல்லது. அதாவது, நல்லா ஓய்வெடு."

அட்லே வானத்தைப் பார்த்தான். புயலைக் காணோம். இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளும் காட்டாத நீலத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. கேக்கையும் ஒருமுறை பார்த்தான்.

"இப்பக் கொஞ்சம் பரவாயில்ல போலிருக்கு. நானும் வேணும்னா..."

"மலை வானத்தைக்கூட நம்பிடலாம்," என்றாள் சுன்னிவா, கையுறையை மாட்டியபடி. "உன் முட்டிய நம்பி ஏற முடியாது."

கார் தெருமுனை திரும்பும்வரை இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவன் கூட இருக்கும்போது அவள் மலையில் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை. அதை யோசித்துக்கொண்டே சோபாவில் படுத்தான். ஆசைப்பட்ட சோபாதான். ஏனோ முதுகில் உறுத்தியது.

மதியம் போன் வந்தது.

"அட்லே, மேஜை இழுப்பறையில குடில் பதிவுக் காகிதம் இருக்கும். அதுல இருக்கிற பதிவு எண்ணைப் பார்த்துச் சொல்லு."

நொண்ட மறந்துபோய் நேராக நடந்து எடுத்து வந்தான்.

"சுன்னிவா, இதுல ஒரே குடில்தான் இருக்கு. நாலு ராத்திரியும் அங்கேயே."

"ம்."

"மூணு வேளைச் சாப்பாடு, நீராவிக் குளியல்னு போட்டிருக்கு. விறகெல்லாம் அவங்களே..."

"எண்ணைச் சொல்லு, அட்லே."

"உன் பேரும் போர்கில்ட் பேரும் மட்டும்தான் இருக்கு."

"ஆமா. எண்ணு?"

ஒவ்வோர் இலக்கமாக நிறுத்தி நிதானமாகப் படித்துச் சொன்னான். அதற்குக் கீழேயே பதிவு செய்த தேதியும் இருந்தது. ஜனவரி ஒன்பது.

அவனுக்கு முட்டி வலி வந்ததே நேற்றுக் காலைதான்.