பதில் பாட்டுக்கு இடமில்லை

பதின்மூன்றாம் நூற்றாண்டு முடிந்துபோய்விட்டது என்று சரித்திர ஆசிரியர்கள் சொல்வது பெரும் பிழை. அது ஸ்பெயின் நாட்டுக் கலீசியாவின் மலைப்பக்கத்து ஊரான வால்தெமோராவில், பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில், நகராட்சியின் ஆதரவோடு மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. மூச்சு கொடுத்தவர்கள் நாங்கள் ஐந்து பேர். தலைவர் டாக்டர் லியாந்த்ரோ செரன்தேஸ். நான் ஷென்ஷோ, குழுவின் ஜான்ஃபோனாக்காரன். ஜான்ஃபோனா என்பது கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளே ஒரு சக்கரம் தந்திகளை உரசி, பல்வலிக்காரன் முனகுவதுபோல் ஒலிக்கும் மகத்தான வாத்தியம்.

என்னுடையது, மடாலய வாசலில் செதுக்கியிருக்கும் ஒரு கல் முனிவரின் மடியிலிருப்பதை அளவெடுத்துச் செய்தது. அந்தக் கல் வாத்தியத்தில் இரண்டு முறுக்காணிகள் எப்போதோ உடைந்துபோயிருந்தன. அவற்றைச் சேர்த்தே செய்துவிடட்டுமா என்று தச்சர் கேட்டார். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆதாரம் இல்லாம ஒரு ஆணிகூடச் சேர்க்கக் கூடாது" என்றார். ஆகவே என் வாத்தியத்தில் ஒருநாளும் சுருதி சேராது. அந்த நேர்மையைப் புகழ்ந்து இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன.

எங்கள் துறை அக்காலத்துக் கேலிப் பாட்டு. பிரபுவின் கஞ்சத்தனம், பாதிரியாரின் தொந்தி, போருக்குப் போகாமல் ஒளிந்த வீரனின் வீரம் ஆகியவற்றைப் பழித்துப் பாடியவை. ஏட்டில் சொற்கள் இருந்தன. எப்படிப் பாடினார்கள் என்பதுதான் இல்லை. அதற்கு "உயிருள்ள மரபை" அணுகுவதென்று டாக்டர் தீர்மானித்தார்.

உயிருள்ள மரபு அப்போது பால் லாரி ஓட்டிக்கொண்டிருந்தது. பெயர் ஒப்துலியா, வயது ஐம்பது. பால் எடுக்கும் வேலை முடிந்ததும் வியாழக்கிழமை பிற்பகலில் அவளும் இன்னும் ஐந்து பெண்களும் பள்ளிக்கூடத்தில் கூடி, சதுரப் பறையைத் தட்டிக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி பாட்டாலேயே திட்டிக்கொள்வார்கள். ஒருத்தி நாலு வரியில் குத்தினால் மற்றவள் அதே மெட்டில் உடனே திருப்பிக் குத்த வேண்டும். திணறியவள் தோற்றவள். ஜெயித்தவளுக்கு வளையமாகச் சுட்ட இனிப்பு ரொட்டி.

டாக்டர் ஒலிவாங்கியை நீட்டினார். "இந்தப் பாட்டு எத்தனை தலைமுறையா வருது, அம்மணி?"

"இப்பத்தான் வந்துச்சு. நீங்க கதவைத் திறந்தீங்களே, அப்ப" என்றாள் ஒப்துலியா.

டாக்டர் "காலம்: கணிக்க இயலாத தொன்மை" என்று எழுதிக்கொண்டார். "யாரைப் பழிக்குது?"

"இந்தா, ரெமெதியோஸைத்தான். இவ சுட்ட ரொட்டியை நாய் மோந்து பாத்துட்டு அழுதுச்சுன்னு பாடினேன்."

"நாய் என்பது வரி வசூலிக்கும் அதிகாரியின் குறியீடு" என்று டாக்டர் எனக்கு விளக்கினார்.

"இல்லங்க. எங்க வீட்டு நாய்."

"பாடுறவங்களுக்கு அர்த்தம் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமில்லை" என்றார் டாக்டர், மிகுந்த அன்போடு. "ஆனா மூணாவது அடியை மட்டும் கொஞ்சம் இருபதாம் நூற்றாண்டாப் பாடுறீங்க. அதைத் திருத்திக்கலாம்."

ரெமெதியோஸ் ஒப்துலியாவின் காதில் ஏதோ சொன்னாள். ஆறு பெண்களும் சிரித்தார்கள். அதையும் பதிவு செய்து "சடங்குச் சிரிப்பு" என்று பெயரிட்டோம்.

நாற்பத்திரண்டு மணி நேரப் பாட்டு சேர்ந்தது. அதைக் காட்டி டாக்டர் நகராட்சிக்கு விண்ணப்பம் எழுதினார். இத்தகைய செல்வத்தைப் பேண ஒரு நிலையான இடம் வேண்டாமா? நகராட்சி கண்கலங்கி, பள்ளிக்கூடக் கட்டடத்தையே "உயிருள்ள மரபு மையம்" என்று அறிவித்து எங்களிடம் ஒப்படைத்தது. மையத்துக்கு முழு நிசப்தம் தேவைப்பட்டது. புதுப் பூட்டு போட்டோம்.

அடுத்த வியாழக்கிழமை நல்ல மழை. ஆறு பெண்களும் பறையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"டாக்டரே, நாங்க எங்க பாடுறது?" என்று கேட்டாள் ஒப்துலியா.

"கவலையே வேண்டாம். உங்க குரலெல்லாம் உள்ள பத்திரமா இருக்கு."

"குரல் உள்ள இருக்கு, சரி. நாங்க வெளிய நனையுறோமே."

"வேற இடம் பாத்துக்கலாமே. இந்த மரபு ரொம்ப வலுவானது. எங்கயும் தாங்கும்."

"எங்க வீட்டுக்குள்ள அடிச்சா பக்கத்து வீட்டுக்காரன் போலீஸைக் கூப்பிடுறான். மதுக்கடையில டிவி ஓடுது. ஊர்ல எங்களுக்குன்னு இருந்தது இந்த ஒரு அறைதான்." அவள் மழையைத் துடைத்துக்கொண்டாள். "சரி, பாட்டுலயே தீத்துக்கலாம். நான் ஒண்ணு பாடுறேன். நீங்க பதில் சொல்லிட்டா நாங்க போயிடுறோம். சொல்லலைன்னா வியாழக்கிழமை எங்களுக்கு."

வாசலில் நிறுத்தியிருந்த தன் பால் லாரியின் கதவையே பறையாகத் தட்டிப் பாடினாள்:

"செத்த பாட்டை எழுப்ப வந்து
சாவி வாங்கிப் போனாரு;
உசுரோட பாடுன எங்களை
ஓரத்துல நிறுத்தினாரு."

ஐந்து பெண்களும் டாக்டரைப் பார்த்தார்கள். டாக்டரின் கண்கள் பனித்தன.

"அற்புதம். இன்னொரு தடவை, கொஞ்சம் மெதுவா. ஷென்ஷோ, ஒலிவாங்கியை எடு."

"பதில் சொல்லுங்க, டாக்டரே."

"நான் ஆய்வாளன், அம்மணி. நாங்க கலந்துக்கக் கூடாது."

"அப்ப தோத்துட்டீங்க. சாவி?"

டாக்டர் சாவிக்குப் பதிலாக அவளுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் கொடுத்தார். முத்திரை வைத்த கடிதம். மழையில் மை கரைந்தது. நான் ஒலிவாங்கி நனையாமல் குடை பிடித்தேன்.

அந்தப் பாட்டு எங்கள் தொகுப்பில் "எண் பதினேழு: கல்நெஞ்சப் பிரபுவைப் பழித்தது" என்று இடம்பெற்றது. மையத்தின் திறப்பு விழாவில் அதையே முத்தாய்ப்பாக வைத்தோம். நகராட்சியின் கலாசார உறுப்பினர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். ஒவ்வொருவர் மடியிலும் முப்பது பக்க விளக்கக் கையேடு. எங்கள் பாடகி கண்களை மூடிக்கொண்டு, நாலு வரியை ஏழு நிமிடம் பாடினாள். நான் கைப்பிடியைச் சுழற்றினேன். கேலிப் பாட்டைக் கேட்டு ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மூன்று பேர் அழுதார்கள்.

கடைசிச் சுரம் ஓய்ந்து, கைதட்டலாமா கூடாதா என்று சபை கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் ஒப்துலியா எழுந்தாள். டிக்கெட் வாங்கித்தான் வந்திருந்தாள். நாற்காலி முதுகில் தாளம் போட்டுப் பாடினாள்:

"நான் திட்டினா சுருக்குனு தைக்கும்,
நாலே மூச்சுல முடிஞ்சிரும்;
நீ திட்டுற வேகத்துக்கு
எதிராளிக்கே நரைச்சிரும்."

முதலில் ரெமெதியோஸ் சிரித்தாள். அப்புறம் மருந்துக்கடைக்காரர். அப்புறம் கூடமே குலுங்கியது. முன்வரிசையில் கலாசார உறுப்பினரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, கையேட்டில் இந்த இடத்தில் சிரிப்பு குறிப்பிடப்படவில்லை என்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார். டாக்டர் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். நான் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுப் பின்வரிசைக்குப் போனேன்.

"அக்கா, வெளிய வாங்க. நிகழ்ச்சி நடக்குது."

"இப்பத்தானே நடக்க ஆரம்பிச்சுது."

நான் அவள் முழங்கையைத் தொட்டேன். அவள் முரண்டு பிடிக்கவில்லை. என்னோடு நடந்தபடியே, "ஒருத்தி திட்டிப் பாடினா பதில் பாடணும், தம்பி. பாடாம உக்காந்திருந்தா பாடினவளுக்குத்தான் அவமானம். பாவம், அந்தப் பொண்ணு கண்ணை மூடிக்கிட்டுக் காத்துக்கிட்டு இருந்தா" என்றாள்.

"இங்க அந்த வழக்கம் இல்லைக்கா."

"உனக்காவது ஒரு வரி வருமா?"

"எனக்கு வாசிக்க மட்டுந்தான் தெரியும்."

"அதைத்தான் இவ்வளவு நேரம் கேட்டேனே" என்றாள். குரலில் கேலி இல்லை, பரிதாபம் இருந்தது. அது போதாதென்று என் கன்னத்தையும் தட்டிவிட்டுப் போனாள். நான் கதவை உள்ளிருந்து தாழிட்டேன்.

மறுநாள் பத்திரிகையில் விமர்சகர் எங்கள் நிகழ்ச்சியை "அச்சு அசலான பதின்மூன்றாம் நூற்றாண்டு" என்று எழுதினார். தன்னடக்கத்தோடு மறுக்கிறேன். எங்கள் அங்கிகள் பாலியஸ்டர். மெட்டு பாதி ஊகம். ஆனால் ஒரு விஷயத்தில் எங்களிடம் யாரும் குறை காண முடியாது. அந்தக் காலத்தில் கேலிப் பாட்டு உறைத்துவிட்டால், பாடியவளை வெளியே தள்ளச் சொல்லிப் பிரபு கண்ணைக் காட்டுவார்; தள்ளுவதற்கென்று கூலிக்கு வாசிக்கும் வாத்தியக்காரன் ஒருவன் பக்கத்திலேயே இருப்பான்.