சுருக்குவார் சுந்தரராமன்

மனித குலத்தில் சுருக்குவார் என்றொரு இனம் உண்டு. நீங்கள் முழுக்கதை சொல்வீர்கள். அவர் காதில் ஒரு சொல்தான் விழும். பாக்கியைத் தள்ளிவிட்டு, "புரிஞ்சுடுத்து" என்பார்.

செம்பூர் சுந்தரராமனுக்கு இது சுபாவம் மட்டுமல்ல, சம்பளமும்கூட. விமானத்தின் இறக்கை காற்றில் எப்படியெல்லாம் நெளியும் என்று ஒன்றுவிடாமல் கணக்குப் போட்டால் கம்ப்யூட்டருக்கு வாரக்கணக்கில் மூச்சு வாங்கும். முக்கியமான ஒரு நாற்பது அசைவுகளை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் விடை கிடைக்கும். எதைக் கழிக்கலாம் என்பதில் அவர் மன்னர். "அது சின்னது, விடு" என்றால் ஆபீஸில் மறுபேச்சு கிடையாது.

வீட்டில் மட்டும் உண்டா? தண்ணீர் லாரி வராதது, மாடிவீட்டு ஒழுகல், தன் முழங்கால், ஆறிப்போன ரசம், எதற்கும் வாய் திறக்காத புருஷன் என்று மனைவி சுப்புலக்ஷ்மி அரைமணி நேரம் பொரிந்தால், "ஆக, முழங்கால்" என்பார்.

மகள் ஷ்ருதிக்கு வாஷியில் வேலை. திரும்பும் வழியில் சில நாள் செம்பூருக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னால் மான்கூர்டிலேயே ரயிலை விட்டு இறங்கிவிடுகிறாள் என்று தெரிந்தது. சின்னது, விடு. அவள் டப்பாவில் இரண்டு பேர் சாப்பாடு போயிற்று. அதுவும் சின்னது, விடு.

இறக்கை வளைவது தனியாக ஆபத்தில்லை, முறுகுவதும் தனியாக ஆபத்தில்லை, வேகம் கூடி இரண்டும் கைகோத்துக்கொண்டால்தான் இறக்கையே பிய்ந்துபோகும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவர் இவர்தான். இங்கேயும் கைகோத்தன.

"அப்பா, நான் மான்கூர்ட் பக்கம் சீத்தா கேம்ப்ல இருக்கற காலித்தைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நீங்க வந்து சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

"முஸ்லிம்," என்றார் சுந்தரராமன். "புரிஞ்சுடுத்து."

அநியாயத்தைப் பாருங்கள்! உயிரில்லாத இறக்கைத் தகட்டுக்கு நாற்பது அசைவு வேண்டுமாம். மனுஷனுக்கு ஒரு சொல் போதுமாம்.

ஷ்ருதி விடவில்லை. "ஏம்ப்பா, உங்க இறக்கைக் கணக்கை அப்படியே நம்பிடுவேளா?"

"அதெப்படி? விண்ட் டன்னல்ல காத்தடிச்சு டெஸ்ட் பண்ண வேண்டாமா?"

"காலித்தை எந்த டன்னல்ல டெஸ்ட் பண்ணேள்?"

சமையலறையிலிருந்து சுப்புலக்ஷ்மியின் குரல் வந்தது: "ஞாயித்துக்கிழமை காப்பிக்கு வரச் சொல்லுடி. ஒரு டம்ளர் கூடப் போட என் முழங்கால் தாங்கும்."

சுந்தரராமன் "அது சின்..." என்று தொடங்கினார். தாயும் மகளும் பார்த்த பார்வையில் நிறுத்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"சர்க்கரை எவ்வளவு போட்டுப்பான்?"

காலித்தைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

சிரிக்கிறீர்களா? நீங்கள் அதைக்கூடக் கேட்கவில்லையே. காலித் என்ன படித்தான், என்ன வேலை பார்க்கிறான், எதற்குச் சிரிப்பான் என்று நான் எங்கேயாவது சொன்னேனா? ஆனாலும் அவன் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா?

புரிஞ்சுடுத்து.