சுயம்புவும் லாட நண்டும்

சுயம்பு என்றொரு மனித இனம் உண்டு. துறைமுகங்களிலும் பட்டறைகளிலும் கல்யாண வீட்டு முன்வரிசை நாற்காலிகளிலும் தாராளமாகக் காணக் கிடைக்கும். அம்மா பெற்று அப்பா வளர்த்து ஆளானதாக இந்த இனம் ஒருநாளும் ஒப்புக்கொள்வதில்லை. தன்னைத் தானே பெற்று, தானே குளிப்பாட்டி, தானே தாலாட்டுப் பாடித் தூங்கவைத்துக்கொண்டதாகத்தான் பேசும்.

அடியேனும் அந்த இனம்தான். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் இன்று உங்களை உட்காரவைத்துப் படிக்கவைக்கிறேன் என்றால் சும்மாவா? ஆனால் என்னைப் பற்றி நானே எழுதினால் பெருமையடிக்கிறான் என்பீர்கள். அதனால் வேறொருவரைப் பிடித்திருக்கிறேன்.

சுயம்புவை அடையாளம் காண்பது சுலபம். மணி என்ன என்று கேளுங்கள். "மணியா? நான் இந்த ஊருக்கு வந்தப்போ கையில கடிகாரமே கிடையாது, தெரியுமா?" என்பார். தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் உங்களுக்கு இருந்திருக்காது. அதனால் என்ன? வலது கட்டைவிரலில் ஸ்பானர் நழுவிய தழும்பைக் காட்டுவார், ஒரே சட்டையோடு வந்ததைச் சொல்வார், அந்தச் சட்டையிலும் இரண்டு பொத்தான் இல்லாததைச் சொல்வார், போன தடவை ஒரு பொத்தான்தானே இல்லை என்று நீங்கள் இழுத்தால் கோபித்துக்கொள்வார். ஆனால் தொழில் சொல்லிக்கொடுத்த முதல் மேஸ்திரி அந்தக் கதையில் வரமாட்டார். முதல் ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக் கொடுத்த மைத்துனர் வரமாட்டார். லைசென்ஸுக்கு ஏழு முறை விண்ணப்பம் எழுதிக் கொடுத்த மனைவி, கதை நடக்கும்போது டம்ளர் கழுவிக்கொண்டிருப்பார்.

நம் சுயம்புவுக்கு ஆற்று முகத்துவாரத்தில் படகு எஞ்சின் பட்டறை. பட்டறைக்கு முன்னால் ஐம்பதடி நீளத்துக்கு மணல். அதில் காங்கிரீட் சாய்தளம் போட்டால் படகுகளை நேரே உள்ளே இழுத்துவிடலாம். சிமெண்ட் மூட்டைகள் வந்து இறங்கிவிட்டன. திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார்.

அவருக்கு முன் மருமகள் வந்தாள். கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்துகிறவள்.

"மாமா, அந்த மணல்லதான் லாட நண்டு முட்டை போட வருது. பௌர்ணமி அமாவாசைக்குத் தண்ணி ஏறும்போது வரும். இந்தக் கரையில மிச்சம் இருக்கறதே அந்த ஐம்பதடிதான். மத்ததெல்லாம் சுவர் எழுப்பிட்டாங்க."

"எது? கவுத்துப் போட்ட வாணலிக்கு வால் முளைச்ச மாதிரி இருக்குமே, அதுவா? வலையில மாட்டினா தூக்கித்தான் எறிவாங்க."

"அதேதான். ஆனா அது நண்டே இல்ல மாமா. தேளுக்கும் சிலந்திக்கும்தான் சொந்தம்."

"சொந்தக்காரங்க பேச்சை எடுக்காத. மேல சொல்லு."

சொன்னாள். நாற்பது கோடி வருஷத்துக்கு மேலாக இந்தக் குலம் இருக்கிறது. டைனோசர் வருவதற்கு முன்பே வந்து, அது போன பிறகும் இருக்கிறது. ஐந்து முறை உலகமே அழிவில் தத்தளித்தபோதும் தப்பியது. உருவம் பெரிதாக மாறவில்லை. அதன் நீல ரத்தத்தில்தான் ஊசி மருந்தில் கிருமி நஞ்சு கலந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதற்காகப் பிடித்து ரத்தம் எடுத்துவிட்டுக் கடலில் விட்டாலும் எல்லாம் பிழைப்பதில்லை. வளர்ந்து ஆளாகப் பத்து வருஷத்துக்கு மேல் பிடிக்கும், அதற்குள் பதினைந்து தடவைக்கு மேல் பழைய ஓட்டைச் சட்டை மாதிரிக் கழற்றும்.

"நான் ஒரே சட்டையோட வந்தவன்" என்றார் சுயம்பு. ஆனால் பொத்தான் கணக்குக்குப் போகவில்லை. படிக்காமல், பரம்பரைச் சொத்து இல்லாமல், யார் தயவும் இல்லாமல், இரும்பு மாதிரி முதுகோடு நாற்பது கோடி வருஷம்! வாழ்க்கையில் முதல்முறையாகத் தனக்குச் சமமான ஒருவரைக் கண்டுவிட்டார்.

மருமகள் முகம் மலர்ந்தது. "அப்ப காங்கிரீட்டை நிறுத்திடலாமா?"

"எதுக்கு? அம்மாம் பெரிய ஆளு, காங்கிரீட்டுக்குப் பயப்படுமா? நான் ஏறாத சுவரா! கஷ்டப்பட்டாத்தாம்மா முன்னுக்கு வரும். வழி பண்ணிக் கொடுத்தா கெட்டுப்போயிடும்."

பார்த்தீர்களா? எங்கள் இனத்தின் பாசம் இப்படித்தான். யாரை மெச்சுகிறோமோ அவர்கள் வழியில் ஒரு மூட்டை சிமெண்டைக் கொட்டி, "ஏறி வா" என்போம்.

அவள் சளைக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை பௌர்ணமி. விடிகாலையில வந்து ஒரு தடவை பாருங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

வந்தார். கூடவே தேநீர் பிளாஸ்கோடு மனைவியும். தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. முட்டையிட்டு முடித்த லாட நண்டுகள், பெண் முன்னால், அதன் முதுகைப் பற்றிக்கொண்டு ஆண் பின்னால் என்று கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. ஒன்றை மட்டும் அலை புரட்டிப் போட்டிருந்தது. பெரிய பெண் நண்டு, மல்லாந்து கிடந்தது. கால்கள் எல்லாம் காற்றில் மிதிவண்டி ஓட்டின.

மருமகள் குனிந்தாள்.

"தொடாத! தானா எழுந்திரிக்கும்."

"வெயில் ஏறிட்டா காஞ்சிடும் மாமா."

"நாற்பது கோடி வருஷமா நீயா வந்து தூக்கிவிட்ட?"

நண்டு வாலை மணலில் ஊன்றி, உடம்பை வில்லாக வளைத்தது. பாதி எழுந்தது. சரிந்தது. பட்டறை ஆட்கள் பல் துலக்கியபடி கூடிவிட்டார்கள். "ஊனு! இன்னும் கொஞ்சம்! அப்படித்தான்!" என்று சுயம்பு கத்தினார். மறுபடி ஊன்றியது, மறுபடி சரிந்தது. இரண்டு காக்கைகள் வந்து, அவசரமில்லை என்பதுபோல் சற்றுத் தள்ளி உட்கார்ந்தன.

கால் மணி நேரம் போயிற்று. மிதிவண்டியின் வேகம் குறைந்தது. ஒரு கால் நின்றது.

"முதலாளி, அவ்வளவுதான் போல" என்றார் ஃபிட்டர்.

சுயம்புவால் தாங்க முடியவில்லை. பாய்ந்தார். ஆயுள் முழுக்க எஞ்சினோடு பழகிய கை. நீளமாக ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் அது கைப்பிடி என்றுதான் அந்தக் கைக்குத் தெரியும். வாலைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"ஐயோ மாமா, வாலை விடுங்க! அதுதான் அதோட ஜாக்கி! அது ஒடிஞ்சா இனிமே ஜென்மத்துக்கும் தானா திரும்ப முடியாது!"

ஜாக்கி என்றதும் அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் விளங்கிய மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல், இரண்டு கிலோ உயிரை வாலில் தொங்கவிட்டபடி அசையாமல் நின்றார்.

மனைவி பிளாஸ்கைக் கீழே வைத்தார். "இன்னொரு கையை அடியில கொடுங்க. ம். இப்ப வாலை விட்டுட்டு ஓட்டை ரெண்டு பக்கமும் பிடிங்க. இத்தனை வருஷமா உங்களை நான் வேற எப்படித் தூக்கினேன்னு நினைச்சீங்க?"

ஃபிட்டர் திரும்பிக்கொண்டு இருமினார்.

சுயம்பு நண்டை மணலில் நேராக இறக்கிவைத்தார். அது சற்று நேரம் கிடந்தது. பிறகு வால் இடமும் வலமுமாக அசைந்தது. ஒடியவில்லை. மெல்ல நகர்ந்து, ஓரம் ஓரமாகப் போய்த் தண்ணீரில் மறைந்தது.

"பாரு, ஒரு நன்றி இல்ல, திரும்பிக்கூடப் பாக்கல" என்றார்.

"உள்ள போய் 'நானா எழுந்து வந்தேன்'னு சொல்லிக்கிட்டிருக்கும்" என்றார் மனைவி, தேநீரை ஊற்றியபடி.

சுயம்பு தேநீரைக் குடித்தார். இரண்டாவது டம்ளரையும் குடித்தார். அப்புறம் கொத்தனாருக்குப் போன் போட்டார். "சாய்தளம் பட்டறைக்குப் பின்னால, பாறைப் பக்கம். ஆமா, சுத்துதான். படகு சுத்திக்கிட்டு வரட்டும்."

ஐம்பதடி மணலும் பிழைத்தது. இப்போது அங்கே ஒரு பலகை நிற்கிறது: 'லாட நண்டு மல்லாந்து கிடந்தால் ஓட்டின் இரு பக்கமும் பிடித்துத் திருப்பிவிடவும். வாலைத் தொடாதீர்.' வாசகம் மருமகளுடையது, எழுத்து மனைவியுடையது, பலகை அடித்தது ஃபிட்டர். வருகிறவர்களிடம் சுயம்பு சொல்வது: "ஒத்த ஆளா நின்னு காப்பாத்தினேன்."

மனிதர் திருந்துவாரா என்று கேட்கிறீர்கள். நாற்பது கோடி வருஷமாக மாறாத ஒன்றை மெச்சுகிறவரிடம் அவ்வளவு அவசரப்படலாமா?

இதையெல்லாம் நான் தன்னந்தனியாக எழுதினேன். சொல்லச் சொல்ல ஒருத்தி எழுதிக்கொண்டாள், இன்னொருத்தி பிழை திருத்தினாள், மற்றபடி என் உழைப்புத்தான். போகட்டும், என்னை விடுங்கள். இந்தக் கதையின் கருத்தை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. யாரும் எடுத்துச் சொல்லாமல் நீங்களாகவே புரிந்துகொண்டுவிட்டீர்கள், இல்லையா?

தலையாட்டினீர்களே, வாருங்கள். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.