நன்றி சொல்லிக்கொள்கிறார்கள் அத்தை, காப்பாற்றுங்கள்

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய அத்தைக்கு,

அண்ணன் மகள் தூர தேசத்திலிருந்து வணங்கி எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசைப் பற்றி அடுத்த பத்தியில் எழுதுகிறேன். அங்கே நீங்களும் மாமாவும் மாமாவின் முட்டிவலியும் வழக்கம்போல இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் பதறிப்போய் மாடியிலிருந்து இறங்கி அப்பாவிடம் ஓடுவீர்கள், அப்பா ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்தின் நடுவில் வைப்பார், பேப்பர் போட வந்தவர்கூட நின்று ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போவார். இது அப்படி ஊருக்குப் போக வேண்டிய விஷயம் இல்லை. ஆகையால் கடிதம். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

விஷயம் இதுதான். மாணவர் பரிமாற்றம் என்று ஒரு வருஷம் படிக்க என்னை இங்கே அனுப்பினீர்கள் இல்லையா, நான் தங்கியிருக்கும் வீடு உடையப் போகிறது. சுவரைச் சொல்லவில்லை, புருஷன் பெண்டாட்டியைச் சொல்கிறேன். ஐயா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து அளவு எழுதிக் கொடுக்கிறார். மகன் வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டதால் அவன் அறையை எனக்குத் தந்திருக்கிறார்கள். கட்டில் நீளமானது, ஜன்னல் சரியாக மூடாது, அலமாரிக் கதவை முட்டியால் தள்ளினால்தான் சாத்தும். ஆனாலும் அந்த அறை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அந்த இரண்டு பேரையும் அதைவிடப் பிடித்துப்போய்விட்டது. அவர்கள் பிரிந்தால் நான் வேறு வீட்டுக்குப் போக வேண்டும். எனக்குப் போக மனசில்லை அத்தை. நம் குடும்பத்தில் முறைத்துக்கொண்ட ஜோடி ஒன்று விடாமல் சேர்த்துவைத்தவர் நீங்கள். அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

முதல் நாள் காலையிலேயே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறோம். உப்பு, ஐயாவின் முழங்கைக்குப் பக்கத்தில். அந்த அம்மா சொன்னதை நம் பேச்சில் எழுதினால் இப்படி வரும்: "தொந்தரவுக்கு மன்னிக்கணும், அந்த உப்பைக் கொஞ்சம் எடுத்துத் தர முடியுங்களா?" "தாராளமா. இந்தாங்க." "ரொம்ப நன்றி." "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க." நான் கடித்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். நம் வீட்டில் "உப்பு" என்று யாராவது ஒரு சொல் சொன்னால் போதும், எல்லார் கையும் ஒரே நேரத்தில் நீளும், பாதி உப்பு மேஜையில் கொட்டும், யார் கொட்டியது என்று ஒரு சண்டை நடக்கும், அதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். அம்மா அப்பாவிடம், "இப்ப சாப்பிட வர்றீங்களா, இல்ல அப்புறமா வர்றீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டால் அன்றைக்கு நானும் தம்பியும் மூச்சுவிடக்கூட யோசிப்போம். ஃப்ரிட்ஜ் வாங்கிய விவகாரத்தில் அப்பா, "நீ செஞ்ச உதவிக்கு ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லப்போய், அம்மா அன்று சாயங்காலமே துணிமணியை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனதும், நீங்கள் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்ததும் மறந்திருக்காது. அங்கே ஒரே ஒரு நன்றிக்கு அவ்வளவு ரகளை. இங்கே ஒரு வேளைச் சாப்பாட்டில் சொல்லிக்கொள்ளும் நன்றியை எண்ணி மாளவில்லை.

அதோடு போயிற்றா? நடையில் எதிரும் புதிருமாக வந்தால் இவர் "மன்னிக்கணும்" என்று சுவரோடு ஒட்டுகிறார், அவர் "நீங்கதான் மன்னிக்கணும்" என்று எதிர்ச் சுவரோடு ஒட்டுகிறார், நடுவில் பஸ்ஸே போகலாம். ஆளுக்கொரு போர்வை. ஆளுக்கொரு அலாரம். கதவைச் சத்தமே இல்லாமல் சாத்துகிறார்கள். நம் வீட்டில் அம்மா கதவைப் படாரென்று சாத்தினால் கோபம், மெதுவாகச் சாத்தினால் குடி முழுகிப்போச்சு என்று அர்த்தம். இவர்கள் எந்த நிமிஷமும் வக்கீலிடம் போவார்கள் என்று முடிவுகட்டி, உங்கள் வழியில் காரியத்தில் இறங்கினேன்.

சித்தப்பாவும் சித்தியும் பேசாமல் இருந்தபோது நீங்கள் சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடியை அரிசி டிரம்மில் ஒளித்துவைக்க, அவர் "என் கண்ணாடி எங்கடி?" என்று கத்த, சித்தி "என் தலையில இருக்கு" என்று கத்த, அந்தக் கத்தலிலேயே இருவரும் சேர்ந்துவிட்டார்கள் அல்லவா? அதே மாதிரி நான் ஐயாவின் பஸ் சாவியை மாவு டப்பாவுக்குள் போட்டேன். இவர் கத்துவார், அவர் பதிலுக்குக் கத்துவார் என்று மாடிப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கேட்டது இது: "மன்னிக்கணும், என் சாவி உங்க கண்ணுல பட்டுதா?" "மன்னிக்கணும், படலையே. தேடுறதுக்கு நான் உதவி பண்ணலாமா?" "உங்க நல்ல மனசுக்கு நன்றி." அப்புறம் இருவரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சோபாவுக்கு அடியில் தேடினார்கள். அங்கே ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். என்னால் தாங்க முடியவில்லை. நானே போய்ச் சாவியை எடுத்து மாவைத் தட்டிக் கொடுத்தேன். அது எப்படி அங்கே போயிற்று என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? நன்றி என்றார்கள்.

அடுத்து உங்கள் காய்ச்சல் வைத்தியம். முனகிக்கொண்டு படுத்தால் இரண்டு பேரும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து கவலைப்படுவார்கள், கவலையில் மனசு இளகும் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். கதவைத் தட்டினார்கள். "உள்ள வரலாமா?" என்று கேட்டார்கள். காய்ச்சலில் கிடப்பவளிடம் அனுமதி கேட்கிறார்கள்! அப்புறம் ஒருவர் வந்தார், அவர் போனதும் மற்றவர் வந்தார், சேர்ந்து ஒரு தடவைகூட வரவில்லை. மாத்திரை, சூப், மறுபடி மாத்திரை என்று என் உயிரை வாங்கினார்கள். இல்லாத காய்ச்சலுக்கு நான் அன்று குடித்த சூப் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

கடைசியாக உங்கள் பிரம்மாஸ்திரம். இவரைப் பற்றி அவர் உயர்வாகச் சொன்னார் என்று இருவரிடமும் தனித்தனியாகப் போட்டுவிடுவது. அந்த அம்மாவிடம் மெல்ல, "உங்க சமையல் மாதிரி எங்கயும் கிடையாதுன்னு ஐயா சொன்னாரு" என்றேன். "ஆமாம்மா, காலையில என்கிட்டயும் சொன்னார். நல்ல மனுஷன்" என்றார். ஐயாவிடம் போய், "உங்களை மாதிரி பொறுமைசாலி யாரும் இல்லைன்னு அம்மா சொன்னாங்க" என்றேன். "அதை என்கிட்ட அடிக்கடி சொல்வாங்களே" என்றார். நேருக்கு நேர் புகழ்ந்துகொள்கிறார்களாம் அத்தை! மாமா உங்களை ஒரு தடவையாவது முகத்துக்கு நேரே புகழ்ந்திருக்கிறாரா? அப்படிப் புகழ்ந்திருந்தால் நீங்கள் அவரை டாக்டரிடம் அழைத்துப் போயிருக்க மாட்டீர்களா? எனக்குத் தலை கால் புரியவில்லை.

போன வாரம் பரிமாற்ற அலுவலகத்து அதிகாரி அம்மா வீட்டுக்கு வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் துக்கம் விசாரிக்க வந்த களை. சரி, இவர்கள் பிரிவதை எனக்குப் பக்குவமாகச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நானும் தைரியமாக உட்கார்ந்தேன்.

"வீட்டுல எல்லாரும் எப்படிம்மா இருக்காங்க?" என்றார்.

"எந்த வீட்டுல?"

"உன் சொந்த வீட்டுல. உங்க அம்மாவுக்கு உன்மேல என்ன கோபம்?"

"எங்க அம்மாவுக்கா? ஒண்ணும் இல்லையே."

"ஞாயித்துக்கிழமை போன்ல உங்களுக்குள்ள பெரிய சண்டையாமே. எதிர்வீடு வரைக்கும் கேக்குதாம்."

"அது சண்டை இல்லைங்க. என்ன சாப்பிட்டேன்னு கேட்டாங்க."

அவர் நம்பவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னதைக் கேளுங்கள். நான் வந்த புதிதில் எல்லாவற்றுக்கும் அழகாக நன்றி சொல்லிக்கொண்டிருந்தேனாம். போகப் போக நிறுத்திவிட்டேனாம். கேட்காமலே ஃப்ரிட்ஜைத் திறக்கிறேனாம், தட்டைத் தாண்டிக் கை நீட்டி எடுக்கிறேனாம், போட்டதைச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போகிறேனாம். எனக்கு இந்த வீட்டைப் பிடிக்கவில்லை, அவர்களைப் பிடிக்கவில்லை, சொந்த வீட்டிலும் நிம்மதி இல்லை, பாவம் இந்தப் பெண் என்று இரண்டு பேரும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்களாம்.

"முதல் வாரம் நான் விருந்தாளிங்க. அப்புறம் வீட்டு மனுஷி ஆயிட்டேன், அதான் நிறுத்திட்டேன்" என்றேன். "சண்டை போடுறவங்க அவங்கதானே?" என்றும் கேட்டேன். "அவங்களா? கல்யாணமான நாளா அவங்க இப்படித்தாம்மா" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இந்த வீட்டுலயே இருக்கியா, வேற வீடு பார்க்கட்டுமா?" என்றார். "அவங்க என்ன சொல்றாங்க?" என்றேன். "உன் இஷ்டம்தான் முக்கியம்னு சொல்றாங்க" என்றார்.

உன் இஷ்டம்! அம்மா வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் அதற்கப்புறம் வீட்டில் ஒரு நிமிஷம் நிற்க முடியுமா? எனக்குச் சுருக்கென்றது. ரோஷத்தில், "சரி, நான் போறேன்" என்று சொல்லிவிட்டேன்.

வருகிற சனிக்கிழமை கிளம்ப வேண்டும். ஊருக்கு அந்தக் கோடியில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை வீடாம், இரண்டு பூனைகளாம். இவர்களிடம் சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மா, "வெளிப்படையா சொன்னதுக்கு நன்றிம்மா" என்றார். ஐயா, "பெட்டி கட்ட நான் உதவலாமா?" என்றார். அவ்வளவுதான். போகாதே என்று ஒரு சொல் இல்லை. நான் நம் வீட்டிலிருந்து கிளம்பிய அன்று அம்மா பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாரே, நீங்களும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி இறக்கினீர்களே, அது ஞாபகம் வந்து அறைக்குப் போய் அழுதேன். கதவைத் திறந்துவைத்துத்தான் அழுதேன். வந்து பார்த்தவர்கள் மெல்லச் சாத்திவிட்டுப் போனார்கள்.

இன்னொரு கூத்தும் நடந்துவிட்டது. இவர்கள் மனசு நோகக் கூடாதென்று நான் மறுபடி எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லப் பழகினேனா, அந்தப் பழக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை போனை வைக்கும்போது அம்மாவிடமும் "நன்றிம்மா" என்று வந்துவிட்டது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அப்பா போனை வாங்கி, "பெத்தவளைப் பார்த்து என்னடி பேச்சு இது? அவ அப்படி என்ன பண்ணிட்டா உன்னை?" என்கிறார். அங்கே நன்றி சொன்னால் அழுகிறார்கள், இங்கே சொல்லாவிட்டால் அழுகிறார்கள். நான் எந்தப் பக்கம் வாயைத் திறப்பது, எந்தப் பக்கம் மூடுவது?

ஆகவே அத்தை, முதல் வேலையாகக் கீழே போய் அம்மாவைத் தேற்றுங்கள். மூன்றாம் மனுஷியாக நினைத்துச் சொல்லவில்லை, நாக்கு குளறிவிட்டது என்று சொல்லுங்கள். அடுத்து, நான் இந்த வீட்டைவிட்டுப் போகலாமா, இருக்க வழி உண்டா என்று உடனே பதில் போடுங்கள். இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைப்பதற்குள் சனிக்கிழமை போய்விடும் என்பது இப்போதுதான் உறைக்கிறது. இருந்தாலும் போடுங்கள்.

மாமாவுக்கு வணக்கம். முட்டிவலிக்கு அனுதாபம். தம்பிக்கு என் சைக்கிளைத் தொடாதே என்ற அன்பான எச்சரிக்கை. நீங்கள் அங்கிருந்தே கையை உயர்த்தி என்னை ஆசீர்வதியுங்கள், நான் இங்கிருந்தே குனிந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
எந்த வீட்டுப் பெண் என்று தெரியாமல் நிற்கும்
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். மை கலைந்திருப்பது மழையில்தான், கண்ணீர் என்று அம்மாவிடம் சொல்லிவைக்காதீர்கள். இதைத் தபாலில் போடக் கொட்டுகிற மழையில் தெருவில் இறங்கினேன். பின்னாலேயே அந்த அம்மா வாசலுக்கு ஓடிவந்து, "ஏய்! குடை இல்லாம எங்க போற? அறிவிருக்கா உனக்கு? உள்ள வா முதல்ல!" என்று தொண்டை கிழியக் கத்தினார். மன்னிக்கணும் இல்லை, தயவுசெய்து இல்லை, ஒன்றும் இல்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன். அதற்குள் ஐயா பின்னாலிருந்து, "அவளைப் போக விடாதேன்னு நான் அன்னிக்கே சொன்னேன்!" என்று அவரிடம் கத்த, "நீ எங்க சொன்னே? பெட்டி கட்டட்டுமான்னுதானே கேட்டே!" என்று அந்த அம்மா திருப்பிக் கத்த, எதிர்வீட்டு ஜன்னல் திறந்துகொண்டது. எனக்குச் சந்தோஷத்தில் கால் நகரவில்லை. முழுக்க நனைந்தேன். திட்டிக்கொண்டே தலை துவட்டிவிட்டார். ஐயா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, அதிகாரி அம்மாவுக்குப் போன் செய்து, "அவ எங்கயும் வரலை" என்று வைத்துவிட்டார்.

இரவு சாப்பிடும்போது வேண்டுமென்றே "உப்பு" என்று மட்டும் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை நீட்டி, உப்பு மேஜையெல்லாம் கொட்டிவிட்டது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அம்மாவைத் தேற்ற மட்டும் மறந்துவிடாதீர்கள். அதற்காக உங்களுக்கு நன்றியெல்லாம் கிடையாது.