தொப்பைத் தாத்தாவுக்குத் தங்கும் அனுமதி

ஒரு கூரைக்குக் கீழ யாரு யாரு தங்கியிருக்காங்கன்னு அரசாங்கத்துக்குத் தெரிஞ்சாகணும். இதுல யாருக்கும் ஆட்சேபணை இல்ல. தெரியலேன்னா நாடு என்னத்துக்கு ஆகும்? அதனாலதான் ஹோய் ஆன்ங்கிற ஊர்ல, ஆத்தோரமா ஏழே ரூம் வச்சிருந்த ஒரு சின்ன ஹோட்டலுக்கு, வார்டு ஆபீசர் சுவோங் அந்த மாசத்துல மூணாவது தடவையா ஃபைலோட வந்து உக்காந்தாரு.

ஹோட்டல் பேரு 'மூங்கில் சைக்கிள் மௌனம்'. ஒரே நாள்ல வச்ச பேரு இல்ல அது. முதலாளியம்மா குவே அத்தைக்கு வருஷத்துக்கு ஒரு மோகம் வரும். முதல் வருஷம் எல்லாமே மூங்கில். கட்டில், கோப்பை, சோப்பு டப்பா, பல்லு விளக்குற பிரஷ் வரைக்கும். ரெண்டாவது வருஷம், வந்தவங்க எங்க போனாலும் சைக்கிள்லதான் போகணும், பாத்ரூமுக்கு மட்டும் நடந்து போகலாம். இந்த வருஷம் மௌனம். பேசாம இருக்கிறதுக்கு வெளிநாட்டு ஜனங்க மூணு மடங்கு வாடகை குடுக்குறாங்கன்னு யாரோ அத்தை காதுல ஓதிட்டாங்க. பழைய போர்டைக் கழட்டினா வந்த அதிர்ஷ்டம் போயிரும்னு, பக்கத்துலயே புது வார்த்தைய ஆணி அடிச்சுச் சேத்தாச்சு.

இத்தன மௌனத்துக்கு நடுவுல சத்தம் போடுற ஒரே ஜீவன் ஹான். தா நாங் நகரத்துல சட்டம் படிக்கிறா, மூணாவது வருஷம். லீவுக்கு வந்து ரிசப்ஷன்ல நிக்கிறா. மௌனம் வேணும்னு வந்தவங்களே அவ பேசறதக் கேக்க மாடிப்படில வந்து நிப்பாங்க.

அவ கோவத்துக்குக் காரணம் இருந்துச்சு. அவ அம்மா லுவா, பத்தொம்போது வருஷமா ஊரான் ஸ்பாவுல ஊரான் கால அமுக்கினவ. இப்போதான் குவே அத்தை மனசு எளகி, ஹோட்டல் பின்கட்டுல ரெண்டு கட்டில் போட்டு, எலுமிச்சம்புல் காய்ச்ச ஒரு அடுப்பும் வச்சு, "இந்தா லுவா, இது உன் ஸ்பா. நீயே நடத்து"ன்னு குடுத்திருந்தாங்க. 'லுவா ஸ்பா'ன்னு போர்டு கூட எழுதி வந்தாச்சு. துணி போத்திச் சுவத்துல சாய்ச்சு வச்சிருந்துச்சு. லுவா தினம் ரெண்டு தடவ துணியத் தூக்கி எட்டிப் பாத்துட்டு மூடுவா.

துணிய எடுக்கணும்னா அனுமதி வரணும். அனுமதி வரணும்னா 'மேற்படி வளாகத்தில் தங்கியிருப்போரின் முழுமையான பட்டியல்'ல வார்டு முத்திரை விழணும். அதுவும் வெள்ளிக்கிழமைக்குள்ள. விட்டா, தெத் புத்தாண்டு முடிஞ்சு ஆபீஸ் சோம்பல் முறிச்சு எந்திரிக்கிற வரைக்கும் ஃபைல் தூங்கும்.

"பட்டியல் முழுசா இல்லம்மா," சுவோங் சொன்னாரு.

"ஏழு ரூம், பதினொரு விருந்தாளி, பதினொரு பாஸ்போர்ட் நகல். இன்னும் யாரு வேணும் சித்தப்பா உங்களுக்கு?" ஹான் கேட்டா. அப்பா வயசு ஆளுன்னா, ஆபீசரா இருந்தாலும் அந்த ஊர்ல சித்தப்பாதான்.

"யாரு வேணும்னு நான் சொல்லக்கூடாது. யாரு இருக்காங்கன்னு நீதான் சொல்லணும். விதிமுறை."

"சமையக்காரம்மா சாயங்காலம் போயிருவாங்க. அம்மா ஆத்துக்கு அந்தாண்ட நம்ம வீட்டுக்குப் போயிரும், நானும்தான். குவே அத்தை வீடு அடுத்த தெருவு. பூனை கூட பக்கத்து வீட்டுது."

"பூனை கால்நடைத் துறை. அது என் மேசைக்கு வராது. இங்கயே சாப்பிட்டு, இங்கயே குடிச்சு, இங்கயே இருக்கிற எல்லாரும் பட்டியல்ல வரணும். அவ்வளவுதான்."

ஹானுக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. வாசப்படி ஓரமா, தரையில ஒரு சின்ன செவப்புப் பொட்டி. அதுக்குள்ள ஓங் தியா. நெலத்தக் காக்குற தாத்தா சாமி, சின்ன பொம்மையா. மேலுக்குச் சட்டை இல்லாம, தொப்பையத் தள்ளிக்கிட்டு, கையில விசிறியோட ஈஈன்னு சிரிச்சிட்டு உக்காந்திருந்தாரு. முன்னாடி ஐஸ் போட்ட கருங்காப்பி, ஒரு சீப்பு வாழப்பழம், நாலு பூண்டு, பாதி எரிஞ்ச சிகரெட்டு.

"அப்போ இவரையும் எழுதிக்கோங்க! தினம் ஒரு காப்பி, ஒரு சிகரெட்டு, பழம். ஒரு நாள் எந்திரிச்சு ஒரு ரூம் பெருக்கினதில்ல. யாராச்சும் வந்தா சிரிக்கிறாரு, வேல மட்டும் நடக்க மாட்டேங்குது. பாத்தா உங்க டிபார்ட்மென்ட் ஆளு மாதிரியே இல்ல?"

மாடிப்படில நின்ன பிரெஞ்சுக்காரி, மௌன விரதத்தையும் மறந்து களுக்குன்னு சிரிச்சிட்டா. சுவோங் சிரிக்கல. பேனா மூடியக் கழட்டினாரு.

"எத்தன வருஷமா இருக்காரு?"

"சித்தப்பா... நான் கோவத்துல சொன்னேன்."

"கோவத்துல சொன்னாலும் வாக்குமூலம் வாக்குமூலம்தான். நீ சட்டம் படிக்கிற பொண்ணு, உனக்குத் தெரியாதா? வாபஸ் வாங்கணும்னா அதுக்குப் படிவம் இருக்கு." ஃபைலுக்குள்ள கைய விட்டு உருவிக் குடுத்தாரு. 'மேற்கண்ட நபர் இவ்விடத்தில் இல்லை என இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.' கீழ கையெழுத்துக்குக் கோடு.

"இவ்வளவுதானே?" ஹான் பேனாவ வாங்கினா.

பேனா தாளத் தொடப்போச்சு. தொடல. கண்ணு அதுவாவே செவப்புப் பொட்டிப் பக்கம் போச்சு. அடுத்த மாசம் அவளுக்குப் பரீட்சை.

"அம்மா, நீ போடு," ன்னு பேனாவ நீட்டினா.

லுவா ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டா. "வெள்ளிக்கிழம கட தொறக்கப் போறேன்டி. அவரு இங்க இல்லேன்னு எழுதிக் குடுத்துட்டுத் தொறந்தா கட வெளங்குமா?"

குவே அத்தையக் கூப்பிட்டாங்க. அத்தை படிவத்தப் பாத்ததும், தான் மௌனத்துல இருக்கிறதா சைகை காட்டிட்டு உள்ள போயிட்டாங்க.

"நீங்களே 'இல்லை'ன்னு எழுதிக்க வேண்டியதுதானே சித்தப்பா?"

சுவோங் குரலத் தாழ்த்தினாரு. "என் வீட்டு வாசல்லயும் ஒருத்தர் இருக்காரும்மா. அரசாங்கத் தாள்ல 'இல்லை'ன்னு எழுதிட்டு, நாளைக்குக் காலைல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊதுபத்தி ஏத்துறது? இல்லேன்னு சொல்ல நமக்குத் தைரியம் இல்ல. அப்போ இருக்காரு. இருக்காருன்னா பட்டியல்ல வரணும்."

வாதத்துல ஓட்டை எங்கன்னு ஹான் தேடித் தேடிப் பாத்தா. மூணு வருஷச் சட்டப் படிப்புல அதுக்கு ஒரு பாடமும் இல்ல.

புதன்கிழம படிவம் நெரப்ப உக்காந்தாங்க. முதல் வரியிலயே வண்டி நின்னுபோச்சு. மேற்படி நபருக்கு விசாரணைக் கடிதம் அனுப்பணும். கடிதத்துல எப்பிடிக் கூப்பிடறது? அண்ணன்னா, சித்தப்பான்னா, தாத்தான்னா? வயசு தெரியாம நம்ம ஊர்ல ஒருத்தருகிட்ட உப்பு கூடக் கேக்க முடியாது.

"தொப்பையப் பாத்தா நாப்பத்தஞ்சு சொல்லலாம்," சுவோங் மோவாயத் தடவினாரு. "எனக்குத் தம்பி முறை வரும்."

"சித்தப்பா, மண்ணு உண்டான நாள்லேர்ந்து இருக்காருங்கிறாங்க. தம்பின்னு கூப்பிட்டுப் பாருங்க, ராத்திரி கனவுல வந்து காதத் திருகுவாரு."

"அப்போ நம்ம வார்டு தலைவர விடவும் மூத்தவரா?"

"தலைவரோட கொள்ளுத் தாத்தாவ விடவும்."

சுவோங் மூஞ்சி வெளிறிப்போச்சு. அவ்வளவு பெரியவர ஆபீசுக்கு வரச்சொல்றது பண்பாடு இல்ல. தலைவர்தான் நேர்ல வந்து கும்பிட்டு விசாரிக்கணும். தலைவர்கிட்டப் போய்ச் சொன்னதுக்கு, அவரு வெயிலப் பாத்தாரு, ஹோட்டல் இருக்கிற தூரத்தப் பாத்தாரு, 'வயது முதிர்வைக் கருத்தில் கொண்டு விசாரணையிலிருந்து முழு விலக்கு அளிக்கப்படுகிறது'ன்னு எழுதிட்டாரு. லுவா ஒரு நகல் எடுத்துட்டு வரலேன்னு எட்டு தடவ அலைய விட்ட அதே கையி.

போட்டோ பாக்கி. காலர் வச்ச சட்டை, ரெண்டு காதும் தெரியணும், சிரிக்கக் கூடாது. சட்டைக்குக் கஷ்டமில்ல, தடுக்கி விழுந்தா தையக்காரன் மேல விழற ஊரு இது. முக்குத் தையக்காரரு வந்து தொப்பைய ரெண்டு தடவ அளந்துட்டு, பெரியவருக்குத் தொளதொளன்னு வேணுமா, கச்சிதமா வேணுமான்னு கேட்டுட்டு, அரை நாள்ல வெள்ளச் சட்டை தச்சுக் குடுத்தாரு. சிரிப்பத்தான் ஒண்ணும் பண்ண முடியல. 'முகத்தோற்றம்: இயல்பிலேயே இவ்வாறு'ன்னு ஒரு குறிப்பு போட்டு, வியாழக்கிழம சாயங்காலம் பட்டியல்ல செவப்பு முத்திரை விழுந்துச்சு. பன்னெண்டு பேரு.

வெள்ளிக்கிழம காலைல சுவோங் அனுமதிச் சீட்டோட வந்தாரு. லுவா புதுச் சட்டை போட்டுக்கிட்டு, போர்டுக்குப் பக்கத்துல, துணி நுனியப் புடிச்சுக்கிட்டு நின்னா.

ஹான் சத்தமா வாசிச்சா. "ஸ்பா நடத்த அனுமதி. பொறுப்பாளர்: ஓங் தியா. உதவியாளர்: லுவா." நிறுத்தினா. திருப்பியும் வாசிச்சா. "என்னது இது?"

"பொறுப்பாளர் வளாகத்துலயே நிரந்தரமாத் தங்கியிருக்கணும். உங்கம்மா ஆத்துக்கு அந்தாண்ட தூங்குறாங்க. விருந்தாளிங்க என்னைக்கிருந்தாலும் போயிருவாங்க. உள்ளூர்க்காரரு, நிரந்தரமா இருக்காரு, மூத்தவரு, அவர் மேல ஒரு புகார் இல்ல, பேப்பர் அத்தனையும் சுத்தம். பட்டியல்ல வேற யாரும்மா அப்பிடி இருக்காங்க?"

"அவருக்கு ஒரு கால அமுக்கத் தெரியுமா?"

"அது தகுதிகள்ல கேக்கல."

ஹான் கத்தின கத்துல ஏழு ரூம் மௌனமும் கலைஞ்சு பதினொரு பேரும் வெளிய வந்துட்டாங்க. சட்டம்னா, வழக்குன்னா, மாகாணம் வரைக்கும் போவேன்னா. சுவோங் பொறுமையாக் கேட்டுட்டு, மேல்முறையீடு தெத் முடிஞ்சுதான்னாரு.

லுவாதான் மகள அடக்கினா. "விடுடி. பத்தொம்போது வருஷமா தொப்ப போட்ட மொதலாளிங்களுக்குக் கீழதானே வேல பாத்தேன். இவரு ஒருத்தராச்சும் என்னத் திட்ட மாட்டாரு." சொல்லிட்டு, துணிய எடுக்காமலே போர்டைத் தூக்கிட்டுப் பின்கட்டுக்குப் போனா. மத்தியானம் ஹான் போய்ப் பாத்தப்போ போர்டு குப்புறக் கெடந்துச்சு. அது முதுகுல எலுமிச்சம்புல் காஞ்சுக்கிட்டிருந்துச்சு.

குவே அத்தைக்கு மட்டும் தல கால் புரியல. "பேசாம இருக்கிறதுல இவர அடிச்சிக்க ஆளு உண்டா?" ன்னு சந்தோஷத்துல வாய் விட்டே பேசிட்டாங்க. வாசல் போர்டுல நாலாவது வார்த்தை ஏறிச்சு: மூங்கில் சைக்கிள் மௌனம் தாத்தா. ஒரு வாரத்துல ரெண்டு கட்டிலுக்கும் ஆள் வரிசையில நின்னுச்சு. வாசல்ல சாமி தொப்பையத் தடவிட்டு உள்ள போய்த் தன் தொப்பையத் தடவ விடறதுதான் இப்போ பாஷன்.

ஆனா பொறுப்பாளர் கையெழுத்து இல்லாம எண்ணெ பாட்டில் கூட வாங்க முடியாது. பொறுப்பாளருக்கோ ஒரு கையில விசிறி, இன்னொரு கை தொப்பை மேல. அதனால அவர் சார்பா ஒரு செயலாளர் வேணும்னு வார்டு சொல்லிச்சு. சட்டம் படிச்சவ ஹான்தான் இருக்கா. அவளுக்கு ஒரு செவப்பு முத்திரை செஞ்சு குடுத்தாங்க.

முதல் நாள் அத ஓரமாத் தூக்கிப் போட்டா. ரெண்டாவது நாள், அவசரத்துக்கு ஒண்ணு குத்தினா. நல்ல முத்திரை அது. குத்தினா டப்புன்னு ஒரு சத்தம் வரும், எதிர்ல நிக்கிறவன் தோளு தானாத் தாழும். நாலாவது நாள் மை டப்பாவ வலது பக்கம் நகத்தி வச்சுக்கிட்டா. பத்தாவது நாள், பிரெஞ்சுக்காரி ஒரு துண்டு அதிகமாக் கேட்டதுக்கு, எழுதிக் குடுக்கச் சொன்னா.

பதினஞ்சாம் நாள் காலைல சுவோங் வந்தாரு. ஃபைல் இல்ல. ஒரு கையில ஐஸ் காப்பி, இன்னொரு கையில ஒசத்தி சிகரெட்டு பாக்கெட்டு, அக்குள்ள ஒரு உறை.

"மாகாண ஆபீசுக்கு என் மாறுதல் மனு போயி மூணு வருஷமாச்சும்மா," அக்குள் உறைய மேசையில நழுவ விட்டாரு. "பொண்டாட்டி புள்ளைங்க அங்க, நான் இங்க. எந்த மேசையில தூங்குதுன்னே தெரியல. தாத்தா பேப்பர்னா எங்கயும் நிக்க மாட்டேங்குதுன்னு ஆபீஸ்லயே பேசிக்கிறாங்க. அவரு முன்னாடி வச்சுட்டு, ஒரு முத்திரை மட்டும்..."

ஹான் உறையப் பிரிச்சு நிதானமாப் படிச்சா. திருப்பி முதுகப் பாத்தா.

"ரெண்டாவது நகல் இல்லியே சித்தப்பா."

"தாத்தாவுக்கு எதுக்கும்மா நகல்?"

"எதுக்குன்னு நான் சொல்லக்கூடாது. விதிமுறை. நாளைக்கு வாங்க."

சுவோங் கோவிச்சுக்கல. மூஞ்சியில ஒரு மரியாதை கூட வந்துச்சு. காப்பிய தாத்தா முன்னாடி வச்சு, மூணு தடவ கும்பிட்டு, "சரிங்கம்மா"ன்னுட்டுப் போயிட்டாரு.

பின்கட்டு வாசல்ல எண்ணெக் கையோட நின்னு லுவா எல்லாத்தையும் பாத்துட்டிருந்தா. கையத் துண்டுல தொடச்சுட்டு, செவப்புப் பொட்டிக்கிட்டப் போய், சீப்புலேர்ந்து ஒரு பழத்தப் பிச்சா. கொண்டாந்து மக மேசையில வச்சா. சுவோங் குடுத்த காப்பியையும் எடுத்துட்டு வந்து பக்கத்துல வச்சா. கை கூப்பி, மெதுவா, மூணு தடவ குனிஞ்சா.

"என்னம்மா பண்ற?"

"எண்ணெ தீந்துபோச்சு தாயே. ஒரு கையெழுத்து வேணும்."

ஹான் தல நிமிரல. பழத்த உரிச்சுக்கிட்டே கேட்டா:

"நகல் எடுத்துட்டு வந்தியாம்மா?"