மஞ்சள் வளையம்

எந்த வேலைக்கு எதனால் எழுதுவது, எந்த இடத்தில் எதனால் கோடு போடுவது என்ற கேள்வி மனிதகுலத்தை நெடுங்காலமாக வாட்டி வந்ததென்றும், அதற்கு இப்போது விடை கிடைத்துவிட்டதென்றும் குடிநீர் அலுவலக வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பசை போதாமல் அது ஒரு பக்கமாகத் தொங்கியது. தையல்காரர் தலையைச் சாய்த்து அதை முழுவதும் படித்தார். தன் கடைக்குள் தண்ணீர் ஏன் வருகிறது என்பதற்கு மட்டும் அதில் விடை இல்லை.

அவருடைய கடை தெருவைவிட ஒரு படி தாழ்ந்தது. வாசலுக்கு நேரே தெருவுக்கடியில் போகும் பெரிய குழாய் எங்கோ விரிசல் விட்டிருந்தது. முந்தின நாள் ஈரமாக இருந்த தரையில் இன்று தையல் மிஷினின் மிதிபலகையே முழுகிவிட்டது. அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்கான நாற்பது சீருடைகளுக்கு வெட்டிய துணி இருந்தது. நனைந்தால் சாயம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கி நாற்பதும் பாழ். அப்புறம் அந்தப் பள்ளிக்கூடம் அவர் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காது.

பால்பாயின்ட் பேனாவில் எழுதிக் கொண்டுபோன மனுவை எழுத்தர் வாங்கவில்லை. புதிய ஒழுங்காணையின்படி பேனா முடிவெடுப்பவர்களுக்கு உரியது, பென்சில் யோசிப்பவர்களுக்கும் வேண்டுபவர்களுக்கும் உரியது என்று விளக்கினார்.

"குழாய் உடைஞ்சிருக்குன்னு நீங்களே பேனாவுல எழுதிட்டா, நீங்களே முடிவு பண்ணின மாதிரி ஆயிடுதே. அப்புறம் நாங்க எதுக்கு?"

தையல்காரர் பென்சிலில் எழுதிக் கொடுத்தார். மறுநாள் போய்க் கேட்டால் அது வெள்ளைத்தாளாக இருந்தது. பென்சிலால் எழுதியது வரைவு, மாலை ஐந்து மணிக்கு மேல் வரைவு எதுவும் மேசையில் இருக்கக் கூடாது, அதனால் ரப்பர் வைத்து அழித்துவிட்டதாக எழுத்தர் சொன்னார். தாளைக் கசக்காமல் பத்திரமாக வைத்திருந்ததற்கு அவர் நன்றியை எதிர்பார்த்தது போலிருந்தது.

அன்று தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. சீருடைத் துணியை மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டு மனைவி கேட்டாள். "அடுத்து கூரையிலயா வைக்கப் போறீங்க?"

அவர் ஒரு முழம் கறுப்புத் துணியை எடுத்தார். துணியில் வெட்டுக்கோடு போடும் தட்டையான சாக்பீஸைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, அதன் கூர்முனையால் மனுவைத் துணியிலேயே எழுதினார். மடித்து, ஹேங்கரில் மாட்டி, அலுவலகத்துக்கு எடுத்துப் போனார்.

எழுத்தர் அறிவிப்பை மேலிருந்து கீழாக மூன்று தடவை படித்தார். பென்சில், பேனா, மார்க்கர், சாதாரண சாக்பீஸ், பெயின்ட் எல்லாம் இருந்தன. தையல் சாக்பீஸ் இல்லை. பட்டியலில் இல்லாததை நிராகரிக்கப் பட்டியலில் இடமில்லை. நிராகரிக்க முடியாததை விசாரித்தே ஆகவேண்டும். மறுநாளே அதிகாரி நேரில் வந்தார்.

கருவிகள் பற்றிய மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தவர் அவர். சட்டைப்பையில் ஏழு பேனாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் சீட்டு. பின்னாலேயே பெயின்டர் ஒரு சிறிய மஞ்சள் பெயின்ட் டப்பாவுடன் வந்தார். அதுதான் அந்த ஆண்டின் மொத்த ஒதுக்கீடு.

"இந்தக் கசிவு தற்காலிகமா, நிரந்தரமா?" என்று அதிகாரி கேட்டார்.

தற்காலிகமானதைச் சாக்பீஸால் குறிக்க வேண்டும். ஆனால் தண்ணீரில் சாக்பீஸ் கரையும், குறி கரைந்தால் கசிவும் தீர்ந்ததாகப் பதிவாகும். நிரந்தரமானதைப் பெயின்டால் குறிக்க வேண்டும். ஆனால் நிரந்தரமானதை அடைக்க எவருக்கும் அதிகாரமில்லை. தையல்காரர் இரண்டையும் யோசித்துப் பார்த்துவிட்டு, "நீங்களே பாத்து ஏதாவது ஒண்ணு போடுங்க சார்" என்றார்.

அதிகாரி நன்றாகப் பார்க்கக் கடைக்குள் இறங்கினார். பேன்ட் நனைந்தது. வந்த இடத்தில் அதைக் கொஞ்சம் குட்டையாக்கித் தர முடியுமா என்று கேட்டார். குழாயை நினைத்துத் தையல்காரர் உடனே மண்டியிட்டார். சாக்பீஸை எடுத்ததும் அதிகாரி காலை இழுத்துக்கொண்டார்.

"வெட்டின துணி திரும்ப வளருமா?"

"வளராது சார்."

"அப்போ அது நிரந்தரம். பெயின்டால குறிங்க."

பெயின்டர் இரண்டு காலிலும், முழங்காலுக்குக் கீழே, அழகாக மஞ்சள் வளையம் போட்டார். தையல்காரர் கத்தரிக்கோலை எடுத்தார். அதிகாரி அதையும் தடுத்தார். கோட்டில் வெட்டினால் கோடு அழியும், நிரந்தரக் குறியை அழிப்பது குற்றம். ஆகவே வெட்டாமல், வளையம் வரை சுருட்டி விட்டுக்கொண்டார். அதற்குள் பெயின்டும் தீர்ந்துவிட்டது. கசிவைப் பற்றி மட்டும் பென்சிலில் "பரிசீலிக்கலாம்" என்று எழுதிக்கொண்டு போனார். மணி நாலே முக்கால்.

மறுநாள் அலுவலகத்தில் அந்த வளையத்தைப் பார்த்தவர்கள் அதைப் பதவி உயர்வின் அடையாளம் என்று நினைத்தார்கள். அடுத்த நாள் எழுத்தர் புதுப் பேன்ட்டோடு தையல்காரர் கடைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, தனக்கும் மஞ்சள் நூலால் ஒன்று போடச் சொன்னார், அதிகாரியுடையதைவிட ஒரு விரல் கீழே. அதற்கடுத்த வாரம் வங்கி ஊழியர்கள் வந்தார்கள், பல் டாக்டர் வந்தார். வளையம் இல்லாத பேன்ட்டைப் போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் போன ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்களாம். பள்ளிக்கூடமும் ஆள் அனுப்பியது: நாற்பது சீருடைக்கும் வளையம் வேண்டும், கெடுவை நீட்டித்துக்கொள்ளலாம். எல்லாரும் கணுக்கால் தண்ணீரில் வரிசையாக நின்றார்கள். உலர்ந்த தரையில் போட்ட வளையம் அசல் இல்லை என்று ஊரில் பேச்சு.

மனைவிக்குக் கால்விரல் இடுக்கெல்லாம் புண். அவளுக்கு இந்த நாகரிகம் பிடிபடவில்லை. ஒரு நாள் அவளே அலுவலகத்துக்குப் போனாள். உத்தரவு எழுதும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று அதிகாரியின் மேசைமேல் ஈரக்காலோடு உட்கார்ந்துவிட்டாள். கோப்புகள் நனைந்ததும் உத்தரவு பிறந்தது. ஆனால் கைக்கு அகப்பட்டது பென்சில்.

நாலரை மணிக்கு அவள் மேஸ்திரியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். கடப்பாரை, கோணிப்பை, சிமென்ட் எல்லாம் இருந்தன. அரை மணி நேர வேலைதான் என்றார் மேஸ்திரி. அஞ்சு மணிக்குள் முடித்தால் சரி.

வரிசையில் இருந்தவர்கள் கடப்பாரையைப் பார்த்தார்கள். பல் டாக்டர் பேன்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

தையல்காரர் மிதிப்பதை நிறுத்திவிட்டு உத்தரவை வாங்கிப் படித்தார். வரிசையைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். மனைவியின் காலை மட்டும் பார்க்கவில்லை.

"பென்சில்ல எழுதியிருக்கே" என்றார்.

"அதனால என்ன?" என்றாள் மனைவி.

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

இழுப்பறையைத் திறந்து ரப்பரை எடுத்தார். தாள் கசங்காமல், ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக அழித்தார். ரப்பர் துகள்கள் தண்ணீரில் விழுந்து மிதந்து, மனைவியின் காலைச் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் போயின.

மேஸ்திரி வெள்ளைத்தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவர் முறை வந்ததும் தையல்காரர் கேட்டார்.

"எவ்வளவு உயரத்துல போடட்டும்?"

மேஸ்திரி தொழில் தெரிந்தவர். குழாய் இருந்த பக்கத்தையும் தண்ணீரின் மட்டத்தையும் ஒரு பார்வை பார்த்தார்.

"இடுப்புக்கே போட்டுடுங்க" என்றார்.